கார்பன் படலத்தில் என் கட்டைவிரல்

பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவனுக்குத் தான் செய்தது எந்தக் கட்டளைக்கு எதிரான பாவம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். திருடினால் ஏழாவது. பொய் சொன்னால் எட்டாவது. நான் செய்ததற்கு எண்ணே கிடையாது. பத்துக் கட்டளைகளையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சனிக்கிழமை கோயிலில் பாவம் கேட்கும் மரத் தொட்டியில் முழங்காலிட்டேன்.

“சாமி, நான் என் மகளோட கார்பன் படலத்து மேல சிலுவை போட்டுட்டேன்.”

கம்பி வலைக்குப் பின்னால் இருந்த பங்குச் சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

“எது மேல?”

“கார்பன் படலம் சாமி. ரொம்ப மெல்லிசா இருக்கும். இருக்கதே தெரியாது.”

“சிலுவை போடுறது பாவம் இல்லையே?”

“இது பாவந்தான் சாமி. பிள்ள எழுதின கோடெல்லாம் அழிஞ்சு போச்சு.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சாமி இருமினார். சாதாரண இருமல் இல்லை. தொட்டியே ஆடுகிற இருமல். (வெளியே வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி, நான் கொலை ஏதும் செய்துவிட்டேனோ என்று பார்த்தாள்.) ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். “இனிமே எதையும் கேட்டுட்டுத் தொடுங்க” என்று ஒரு புத்திமதியும் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கதைதான் இது.

என் பெயர் சவரிமுத்து. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் மக்ரூன் மாஸ்டர். முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரை பொங்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, காகிதக் கூம்பில் வைத்துத் தட்டில் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்து விடுவது என் தொழில். படிப்பு எட்டாவது. (ஒன்பதாவதின் வாசல்வரை போனேன். உள்ளே கூப்பிடவில்லை.)

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எது தொடங்கினாலும், வீட்டில் யார் படியிறங்கினாலும், கட்டைவிரலால் ஒரு சிலுவை போடுவது வழக்கம். பிள்ளை பரீட்சைக்குப் போனால் நெற்றியில். புதுப் படகு கடலில் இறங்கினால் அதன் முன்முனையில். மாவைப் பிசைந்து மூடி வைத்தால் மாவின் மேல். மற்றவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு நிறுத்தத் தெரியாது. கேஸ் சிலிண்டர் வந்தால் போடுவேன். புது பிரிட்ஜ் வந்த அன்று, இறக்கி வைத்த ஆட்கள் நான் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதாக நினைத்து, “எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி” என்று சத்தியம் செய்தார்கள். பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டின் முதுகில் போடுவேன். ஒருமுறை கூட்டத்தில் அது முன்சீட்டின் முதுகாக இல்லாமல் ஒரு போலீஸ்காரரின் முதுகாக இருந்துவிட்டது. அதை இங்கே விரிவாகச் சொல்லவில்லை.

புன்னைக்காயலில் என் மைத்துனர் புதுப் படகுக்கு நீலப் பெயின்ட் அடித்த அன்றும் போனேன். போட்டேன். பெயின்ட் காயவில்லை. அந்தச் சிலுவை இன்றைக்கும் படகில் பள்ளமாக இருக்கிறது. என் வலது கட்டைவிரலில் சூடான தட்டை வெறுங்கையால் பிடித்ததால் வந்த தழும்பு ஒன்று குறுக்காக ஓடும். அந்தத் தழும்புகூடப் பெயின்ட்டில் தெளிவாக விழுந்திருக்கிறது. அன்றைக்கே யாராவது என் விரலைக் கட்டிப் போட்டிருந்தால் அறிவியல் பிழைத்திருக்கும்.

என் ஒரே மகள் ஜெசிந்தா இயற்பியல் படித்தவள். எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் சண்முகவடிவு மேடத்திடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்கிறவர்களிடம் நான் “கரியில் கோடு போடுகிற ஆராய்ச்சி” என்று சொல்லி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது அவள் காதில் விழுந்துவிட்டது. மேசைமேல் கிடந்த காகிதக் கூம்பை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க இந்தக் கூம்புல மாவ வச்சுப் பிழியுதீங்கள்ல? எங்கிட்டயும் ஒரு கூம்பு இருக்கு. ரொம்பச் சின்ன ஊசி. நுனி கண்ணுக்கே தெரியாது. ஆனா அதுல மாவு கிடையாது.”

“மாவு இல்லாம என்னத்தப் பிழியுத?”

“பிழிய மாட்டேன். பள்ளம் போடுவேன். கீழ கார்பன் படலம் இருக்கும். ஊசி நுனி அதத் தொடுத மாதிரி கிட்டக்க போகும். ரெண்டுக்கும் நடுவுல காத்துல உள்ள ஈரம் குட்டிச் சொட்டா நிக்கும். கரண்ட் விட்டா, அந்தச் சொட்டு நிக்கித இடத்துல மட்டும் கார்பன் வாயுவா மாறிப் போயிரும். ஊசிய நகத்திக்கிட்டே போனா கோடு.”

“எவ்வளவு பெரிய கோடு?”

என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். (இருப்பதே கொஞ்சம்.) “இத நீளவாக்குல ஆயிரம் கீத்தா வகிர்ந்தா, அதுல ஒரு கீத்து அகலம்.”

குசினியிலிருந்து மீன் கழுவிய கையோடு என் மனைவி பிலோமி எட்டிப் பார்த்தாள். “ஏளா, அவ்வளவு சின்னதா எழுதினா யாரு படிக்க?”

“அதே ஊசிதாம்மா படிக்கும். எழுதி முடிச்சதும் அது படலத்தத் தடவிக்கிட்டே போகும். எங்கன மேடு, எங்கன பள்ளம்னு கம்ப்யூட்டர்ல படமா வரும். இப்படிக் கோடு போட்டுப் போட்டுத்தான் சின்னச் சின்ன மின்சுற்றெல்லாம் செய்யணும்.”

“எழுதுததும் அதுவே, படிக்கதும் அதுவேயா? நல்ல பொழப்பு” என்று பிலோமி மீனுக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குக் காரணம் அடுத்து அவள் சொன்னதுதான். எங்கள் ஊர்க் கடல்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்தச் சொட்டு பெரிதாகிவிடுகிறதாம், கோடு தடித்துவிடுகிறதாம், ஒரு நாள் வந்த அகலம் மறுநாள் வருவதில்லையாம்.

“இதத்தானே நான் முப்பது வருசமா முதலாளிட்ட சொல்லுதேன்! மழ மூட்டத்துல மக்ரூன் போடாதீங்க, இளகிரும்னு!”

“ஆமாப்பா. நீங்களும் நானும் ஒரே கஷ்டத்துலதான் இருக்கோம்.”

எட்டாவது படித்தவனிடம் ஆராய்ச்சி மாணவி சொன்ன வார்த்தை இது. அன்று மாலைப் பூசையில் நான் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினேன்.

பிறகு அரசாங்கம் அனுப்பும் மதிப்பீட்டுக் குழு வரும் செய்தி வந்தது. வெளியூரிலிருந்து மூன்று பேராசிரியர்கள் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து ஆய்வகத்தைப் பார்ப்பார்கள். ஈரமான ஊரிலும் ஒரே அகலத்தில் கோடு போட முடியும் என்று மகள் காட்ட வேண்டும். காட்டினால் ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருடம் நீடிக்கும். இல்லாவிட்டால் அன்றோடு மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான். அவள் படித்த படிப்பு பாதியில் நிற்கும்.

அதற்காக மூன்று மாதம் உழைத்து, நகத்தளவு சில்லு ஒன்றின் மேல் பூசிய கார்பன் படலத்தின் நடுவில் வரிசையாகக் கோடுகள் எழுதி வைத்திருந்தாள். ஆய்வகத்தில் ஈரம் படாமல் பொருள்களை வைக்கும் பெட்டி பழுதாகிவிட்டதால், சனிக்கிழமை அந்தச் சில்லை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

“அப்பா, உங்க மக்ரூன் டின் ஒண்ணு வேணும். காத்துப் போகாதது.”

தேர்ந்தெடுத்த டின் ஒன்றைக் கொடுத்தேன். சில்லு இருந்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அதற்குள் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சுற்றிலும் போட்டு, மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. ஆனால் வீட்டிலேயே நான் அடிக்கடி போய் நிற்கிற இடமும் அதுதான். அதை அவள் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. குழுவுக்குக் கொடுக்க நான் என் கையாலேயே போட்ட மக்ரூனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பேக்கரியிலிருந்து வந்தேன். விடியும் முன்பே முந்திரி பொடித்த கை. கழுவித்தான் இருந்தேன். (மக்ரூன் மாஸ்டர் கை கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். முந்திரி எண்ணெய் ரேகைக்குள் குடியிருக்கும்.) ஜெசிந்தா குளித்துக்கொண்டிருந்தாள். நான் மாதாவின் முன் நின்று, “தாயே, இன்னைக்கு என் பிள்ள காரியம் நல்லபடியா முடியணும்” என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தால் எதிரே டின்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை. கை தானாக டின்னைத் திறந்தது. பிளாஸ்டிக் டப்பாவையும் திறந்தது. கறுப்புக் கண்ணாடி போல மினுமினுவென்று நகத்தளவு சில்லு. மேலே ஒன்றுமே எழுதியதாகத் தெரியவில்லை. மூன்று மாத உழைப்பு இவ்வளவு வெறுமையாக இருக்கிறதே என்று எனக்குப் பாவமாகிவிட்டது.

மேலிருந்து கீழாக ஒன்று. இடமிருந்து வலமாக ஒன்று. நன்றாக அழுத்தி, பக்தியோடு.

டப்பாவை மூடினேன். டின்னையும் மூடினேன். ஒரு புண்ணிய காரியம் செய்த திருப்தியோடு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

என் பழைய மொபெட்டில் மகளை ஏற்றிக்கொண்டு போனேன். டின் அவள் மடியில், மக்ரூன் பெட்டி என் காலடியில். கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கதையில் பாதி இருந்திருக்காது. சண்முகவடிவு மேடம் நல்ல மனுஷி. “உள்ள வாங்க அண்ணாச்சி. உங்க பிள்ள செஞ்சிருக்க வேலைய நீங்களும் பாருங்க” என்று கூப்பிட்டுவிட்டார்.

ஆய்வக வாசலில் ஜெசிந்தா எனக்கு நீல நிறத்தில் ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொடுத்தாள்.

“இது எதுக்கு மக்கா?”

“நம்ம கையில எண்ணெய், உப்பு, வேர்வ எல்லாம் இருக்கும்ப்பா. தெரியாத்தனமா சாம்பிள்ல பட்டுச்சுன்னா செத்துச்சு. மூணு மாசமும் போச்சு.”

இடது கையுறையை மாட்டியிருந்தேன். வலது கை பாதியில் நின்றது. வயிற்றில் இருந்த கூடுதல் இட்லி இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மெஷின் ஒரு சின்னத் தையல் மெஷின் அளவுதான் இருந்தது. மகள் சில்லை இடுக்கியால் எடுத்து அதற்குள் வைத்தாள். ஊசி இறங்கியது. கம்ப்யூட்டர் திரையில் படம் மேலிருந்து வரி வரியாக வரத் தொடங்கியது. ரஸ்க் நிறத்தில் சமதளமாக வர வேண்டுமாம். வந்தது மேடு மேடாக, குழம்புச் சட்டியின் அடிபோல.

“என்னம்மா இது?” என்றார் மேடம். “நேத்து யாரும் தொட்டாங்களா?”

“யாரும் தொடல மேடம். வீட்டுலதான் இருந்துச்சு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். “எங்க வீட்டுல யாரு மேடம் தொடப் போறா?” என்றேன். (ஒன்று.)

ஊசி நுனியில் பிசின்போல ஏதோ ஒட்டிக்கொண்டது என்று அதைக் கழற்றிவிட்டு வேறு ஊசி மாட்டினார்கள். இறக்கினார்கள். அதுவும் இரண்டு வரி போய் இழுத்துக்கொண்டது. திரையில் படம் கிழிந்த சேலை மாதிரி ஆனது. மகளின் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணாச்சி, வீட்டுல எலி, பல்லி ஏதாவது…?” என்றார் மேடம்.

“பல்லி உண்டு மேடம்” என்று பாய்ந்து பிடித்துக்கொண்டேன். “பெரிய பல்லி.” (இரண்டு. பாவம், அந்தப் பல்லி எங்கள் வீட்டில் எட்டு வருடமாக ஒரு குற்றமும் செய்யாமல் இருக்கிறது.)

“மூடின டின்னுக்குள்ள பல்லி எப்படி மேடம் போகும்?” என்ற ஜெசிந்தா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்க டின்னத் திறந்தீங்களா?”

“நானா? நான் எதுக்குத் திறக்கப் போறேன்?”

மூன்று. சொல்லி வாய் மூடவில்லை, மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. ஊசி மாட்டிக்கொண்டால் அப்படித்தான் கத்துமாம். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடர் இராயப்பருக்குச் சேவல் கூவியது. மக்ரூன் மாஸ்டருக்கு மெஷின் கூவியது.

மேடம் சில்லை வெளியே எடுத்து, பக்கத்திலிருந்த சாதாரண மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். அதன் படமும் ஒரு திரையில் வரும். வந்தது. வயலில் ஏர் உழுத மாதிரி வளைவு வளைவாக ரேகைகள். நடுவில் குறுக்காக, ரேகை ஏறாத ஒரு வெள்ளைக் கோடு.

அந்த வெள்ளைக் கோட்டை என் மகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அவள் நெற்றியில் ஆயிரம் தரமாவது அது பட்டிருக்கும்.

“அப்பா. கிளவுஸக் கழட்டுங்க.”

“மக்கா…”

“கழட்டுங்கப்பா.”

கழற்றினேன். கட்டைவிரலை நீட்டினேன். திரையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். கைநாட்டு வைக்கக் கூடாது என்று கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் படித்தவன் நான். வைக்கக் கூடாத ஒரே இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு நின்றேன்.

“சிலுவை போட்டேன் மக்கா” என்றேன். “நல்லா வரணும்னுதான் போட்டேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மணியைப் பார்த்தாள். பத்தே கால்.

மேடம் மட்டும் மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். “ஜெசிந்தா, இங்க வா. அண்ணாச்சி சிலுவைதான் போட்டிருக்காங்க. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. நாலு மூலையும் சுத்தமா இருக்கு. துணிய வச்சுத் துடைச்சிருந்தா மொத்தமும் போயிருக்கும்.”

நான் உடனே மாதாவை நினைத்துக் கும்பிட்டேன். (இன்றைக்கும் பிலோமி, “சிலுவை போட்டதாலதான் நாலு மூலையும் தப்பிச்சுது” என்பாள். “போடாம இருந்திருந்தா நடுவும் தப்பிச்சிருக்கும்மா” என்பாள் மகள்.)

மூன்று மாதத்தில் எழுதிய கோடுகள் போனது போனதுதான். ஆனால் எப்படி எழுதுவது என்பது அவள் கையில் இருந்தது. பாக்கியிருந்தது ஒரே ஒரு ஊசி. ஒரு மூலையில் புதிதாக எழுத ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். குழு வர முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

“நான் பேசுற பேச்ச நீட்டிக்கிறேன்” என்றார் மேடம். “அதுக்கு மேல அவங்களக் காப்பியோட உக்கார வைக்க வேண்டியது உங்க பொறுப்பு அண்ணாச்சி.”

குழு சரியாகப் பதினோரு மணிக்கு வந்தது. தலைவர் உயரமான, சிரிக்காத மனிதர். மேடம் பேசினார். எவ்வளவு நீட்டியும் அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் மக்ரூன் பெட்டியைத் திறந்தேன்.

கடவுள் புண்ணியத்தில் தலைவருக்கு இனிப்பு பிடிக்கும். ஒன்றை வாயில் போட்டுக் கரையவிட்டு, “இது ஏன் எங்க ஊர்ல இப்படி வர மாட்டேங்குது?” என்று கேட்டார். விடுவேனா? முட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்தேன். நுரை நிற்கும் பதம், கூம்பின் வாயை எவ்வளவு வெட்ட வேண்டும், தூக்கும்போது நுனி வால் எப்படி வளையாமல் வர வேண்டும், ஆறிவரும் அடுப்புச் சூட்டில் எத்தனை நேரம் காய வேண்டும், ஈரமான கொண்டல் காற்று அடித்தால் என்ன ஆகும், வறண்ட கச்சான் காற்று அடித்தால் என்ன ஆகும் என்று அளந்துகொண்டே போனேன். மழைக்காலத்துக்கு வந்தபோது மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. தலைவர் எழுந்துவிட்டார்.

“ரொம்ப நன்றி. லேபுக்குப் போவோம்.”

நான் வாசலை மறித்துப் பெட்டியை நீட்டினேன். “இன்னும் ஒண்ணு சார்…”

“ஏழு சாப்பிட்டாச்சு.” அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “உள்ள ஏதாவது பிரச்சினையா?”

மேடம் தரையைப் பார்த்தார். ஒரே ஒரு ‘இல்லை’ போதும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் காலையிலேயே மூன்று தீர்ந்திருந்தது. இராயப்பருக்கே மூன்றுதான். நான்காவது போட்டுவிட்டு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

“பிரச்சினை நாந்தான் சார்” என்றேன். கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன். “இந்த விரல். என் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவ பத்திரமா வச்சிருந்தா. நான்தான் திறந்து சிலுவை போட்டேன். கேட்டப்போ இல்லன்னு பொய்யும் சொன்னேன். இப்போ அவ மூலையில புதுசா எழுதிக்கிட்டிருக்கா. எழுத விடுங்க சார். வேணும்னா என்னைய ஏதாவது செய்யுங்க.”

தலைவர் என் விரலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விட்டுவிட்டு நேராக ஆய்வகத்துக்கு நடந்தார். நான் மக்ரூன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அருள் நிறைந்த மரியே” சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

உள்ளே ஜெசிந்தா எழுதி முடித்து, வாசிக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு நாங்கள் வந்ததே தெரியவில்லை. திரையில் ரஸ்க் நிறச் சமதளம். அதில் ஒரு கறுப்புக் கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. அடுத்தது. எல்லாம் ஒரே அகலம், ஒரே இடைவெளி. ஏழு கோடுகள் வரும்வரை தலைவர் நின்றபடியே பார்த்தார்.

“இந்த ஊர் ஈரத்துல எப்படிம்மா ஒரே அளவா வருது?”

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். “ஈரத்த மொத்தமா ஒழிக்க முடியல சார். அதனால எவ்வளவு ஈரம் இருக்குன்னு முதல்ல அளந்துட்டு, அதுக்குத் தக்கன ஊசி நகருத வேகத்த மாத்திக்கிடுதேன்.” கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: “எங்கப்பா காத்தப் பார்த்து மக்ரூனக் காய வைக்குத நேரத்த மாத்துவாங்க. அதப் பார்த்துதான் தோணிச்சு.”

தலைவர் திரும்பி என்னையும் பெட்டியையும் பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எட்டாவது மக்ரூனை எடுத்துக்கொண்டார். அதற்கு வேண்டுமானால் சத்தியம் செய்வேன்.

இரண்டு வருட நீட்டிப்பு கிடைத்தது. குழுவின் அறிக்கையை மகள் வீட்டில் வாசித்துக் காட்டினாள். எல்லாம் பாராட்டு. கடைசியில் மட்டும், மாதிரிகளைக் கையாளுவதில் கூடுதல் கவனம் தேவை என்று ஒரு வரி. அரசாங்கக் காகிதத்தில் என்னைப் பற்றி வந்த ஒரே வரி அதுதான்.

ஆனால் அன்று மொபெட்டில் திரும்பும்போது முத்தையாபுரம் தாண்டும்வரை அவள் பேசவில்லை. உப்பு லாரி ஒன்றுக்காக ஓரம் ஒதுங்கி நின்றபோதுதான் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

“தொட்டதுக்குக் கோவம் இல்லப்பா. நீங்க அப்படித்தான்னு எனக்குத் தெரியும். நான் கேட்டேன்ல? ஏன் இல்லன்னு சொன்னீங்க?”

“உன் முகத்தப் பார்த்துச் சொல்லப் பயமா இருந்துச்சு மக்கா.”

“அந்த சார் முகத்தப் பார்த்து மட்டும் சொன்னீங்க?”

“அவரு என் பிள்ள இல்லல்லா.”

லாரி போன பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. அவள் என் முதுகில் ஒரு குத்து விட்டாள். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திக் கொண்டுபோய் விட்டால் குத்துவாளே, அதே குத்து. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் செய்ததில் எண் உள்ள பாவம் எது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை தொட்டியில் சிலுவையைச் சொன்ன பிறகு எட்டாவதான பொய்யையும், மூன்று தரம் என்று கணக்கோடு சொன்னேன்.

குழு வந்துபோன மறுநாள் காலை அவள் கல்லூரிக்குக் கிளம்பியபோது நான் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் நெற்றியைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“என்னப்பா, போடலியா?”

“வேண்டாம் மக்கா. எனக்கே பயமா இருக்கு.”

பையைத் திறந்தாள். முந்தின நாள் நான் கழற்றிப் போட்ட நீலக் கையுறைகளில் வலது கைக்கு உரியதை எடுத்து நீட்டினாள். “இத மாட்டிக்கிட்டுப் போடுங்க.”

மாட்டிக்கொண்டு போட்டேன். பிலோமி குசினி வாசலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் கையுறை மாதா சுரூபத்துக்குப் பக்கத்து ஆணியில், செபமாலையோடு தொங்குகிறது. சொந்தத்தில் யார் பரீட்சைக்கோ, வேலைக்கோ, கப்பலுக்கோ கிளம்பினாலும் எங்கள் வீட்டுக்கு வந்து, “மாமா, கிளவுஸோட ஒண்ணு போட்டுவிடுங்க” என்பார்கள். வெறும் விரலால் போட்டால் ஒப்புக்கொள்வதில்லை. புன்னைக்காயல் மைத்துனர்கூட அடுத்த படகுக்கு என்னைக் கூப்பிட்டபோது, கையுறையை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

இந்த வருடம் சாமி வீடு மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, எங்கள் தெருவுக்கு வந்தார். செபம் சொல்லி முடித்து, தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தவர் ஆணியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது என்னம்மா, மாதா பக்கத்துல ரப்பர் கிளவுஸ்?”

பிலோமி தொடங்கிவிட்டாள். டின், முந்திரி எண்ணெய், பல்லி, மைக்ராஸ்கோப் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமி தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே அவர், “அப்படியா?” என்றார். “அட, அப்புறம்?” என்றார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. மெஷின் கூவிய இடம் வந்தபோது அவருக்கு அந்த இருமல் வந்தது. ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். சுவர், கதவு, கட்டில், பிரிட்ஜ். மேசையில் ஜெசிந்தா தன் லேப்டாப்பைத் திறந்து வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சாமி தெளிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “இதுல படலாமா?”

“படக்கூடாது சாமி” என்றாள் மகள்.

சாமி தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார். ஆணியிலிருந்து கையுறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அப்போ நீங்களே போட்டுருங்க, மாஸ்டர்.”